ஆயிரத்தில் ஒருவனும் உன்னைப்போல் ஒருவனும்

சில படங்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும். தேசிய விருது வாங்கியது தெரியும், இயக்குநர் யார் என்பதும் தெரியும். பத்திரிகைகள் போடும் "பார்க்க வேண்டிய 100 படங்கள்" பட்டியலிலும் அவை இருக்கும். ஆனால் "இதை யாரெல்லாம் பார்த்திருக்கிறீர்கள்?" என்று ஒரு வகுப்பில் கேட்டால் ஒரு கைகூட உயராது. அதே வகுப்பில் ஸ்பைடர்மேன் பெரியவனா பேட்மேன் பெரியவனா என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த பீரியட் முடியும்வரை சண்டை ஓயாது!

இதை ரசனை வித்தியாசம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். தமிழ் சினிமாவின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் விஷயம் அத்தனை சுலபம் இல்லை என்று தெரிகிறது.

மண்ணில் கிடைத்ததும் டப்பாவில் தொலைந்ததும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்தை ஒட்டி வடக்குப்பட்டு என்று ஒரு கிராமம் இருக்கிறது. சுற்றிலும் கார் கம்பெனிகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும்தான். 2022-ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இடைக் கற்காலக் கல் கருவிகளும் தங்க அணிகலன்களும் கிடைத்தன. அத்தனை ஆயிரம் வருடம் மண்ணுக்கடியில் கிடந்தவை பத்திரமாக இருந்திருக்கின்றன.

அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் சென்னை கீழ்ப்பாக்கம். நூறு வருடங்களுக்குச் சற்று முன்பு அங்கே மில்லர்ஸ் சாலையில் ஸ்டூடியோ போட்டு, தென்னிந்தியாவின் முதல் கதைப் படமான "கீசக வத"த்தை எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். அவர் அதற்கு முன் பார்த்த தொழில் கார் வியாபாரம்! (ஒரகடத்துக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) புனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்து படம் எடுத்தார். அது வெளிவந்த ஆண்டு 1916, 1917, 1918 என்று ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். போய்ப் பார்த்துச் சரிசெய்ய வழியில்லை. படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை.

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் வெளியான "காளிதாஸ்", தமிழின் முதல் பேசும் படம். எச்.எம். ரெட்டி இயக்கம், கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி. நாயகி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார். அதுவும் இன்று இல்லை. அதே வருடம் வந்த இந்தியாவின் முதல் பேசும் படமான "ஆலம் ஆரா"வும் இல்லை.

ஏன் இப்படி? அன்றைய படச்சுருள் நைட்ரேட் வகையைச் சேர்ந்தது. சுலபமாகத் தீப்பற்றும், வெயில் காலத்தில் தானாகவே கெட்டுப்போகும். அதில் வெள்ளி உண்டு என்பதால் ஓடி முடித்த படங்களை உருக்கி வெள்ளி எடுத்தவர்களும் இருந்தார்கள். பழைய படத்துக்கு மறுபடி ஒரு மதிப்பு வரும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டதே 1964-இல்தான். சேர்த்து வைத்ததிலும் ஒரு பகுதி 2003 ஜனவரியில் புனேயில் நடந்த தீ விபத்தில் எரிந்து போனது.

பிழைத்த படம் ஒன்றின் கதையைக் கேளுங்கள். "மார்த்தாண்ட வர்மா" என்ற மௌனப் படம் 1933-இல் வந்தது. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்தது, பி.வி. ராவ் இயக்கியது. சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலை அனுமதி இல்லாமல் எடுத்துவிட்டார்கள் என்று நாவலின் பதிப்பாளர் வழக்குப் போட்டார். படம் பறிமுதலாகி, பதிப்பாளரின் புத்தகக் கிடங்கில் முடங்கியது. 1974-இல் ஆவணக் காப்பகம் அதை அங்கிருந்து மீட்டது. ஊர் ஊராக ஓடியிருந்தால் தேய்ந்து அழிந்திருக்கும். வழக்கில் மாட்டியதால் இன்றும் இருக்கிறது!

சுந்தர்ராஜின் உறவினரான ஜே.சி. டேனியலுக்கு அந்த அதிர்ஷ்டம்கூட இல்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் வாழ்ந்த அந்தத் தமிழர்தான் மலையாளத்தின் முதல் படமான "விகதகுமார"னை எடுத்தார். அதில் நடித்த பி.கே. ரோசி, ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் உயர்சாதிப் பெண்ணாக நடித்தார் என்பதற்காகவே ஊரை விட்டு விரட்டப்பட்டார். டேனியல் 1975-இல் இறந்தார். 1992 முதல் கேரள அரசு தன் உயரிய சினிமா விருதை அவர் பெயரில் கொடுத்து வருகிறது. அவர் எடுத்த படத்தைப் பார்க்க யாராலும் முடியாது.

1954: ஒரே வருடம், இரண்டு ரசனை

தொலைந்து போனவை இருக்கட்டும், கிடைக்கும் படங்களுக்கு வருவோம்.

1954 ஏப்ரலில் "அந்த நாள்" வந்தது. ஏவி.எம். தயாரிப்பு, வீணை எஸ். பாலசந்தர் இயக்கம், சிவாஜி கணேசன் கதாநாயகன். 1943-இல் சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட நேரத்தில் ஒரு ரேடியோ என்ஜினியர் சுட்டுக் கொல்லப்படுகிறான். கொன்றது யார் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் "ராஷோமான்" படத்தின் பாதிப்பில் உருவான கதை அமைப்பு. படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. கதாநாயகன் நல்லவனும் இல்லை. பத்திரிகைகள் பாராட்டின, தேசிய விருதில் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. ஜனங்களோ பாட்டில்லாத படமா என்று கோபித்துக்கொண்டார்கள். வசூல் இல்லை.

மூன்று மாதம் கழித்து, ஜூலையில் "மலைக்கள்ளன்" வந்தது. நாமக்கல் கவிஞரின் நாவல், கருணாநிதியின் வசனம், எம்.ஜி.ஆர். கதாநாயகன், கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு இயக்கம். மலையில் மறைந்து வாழும் ஒருவன், பணக்காரர்களிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுக்கிறான். ஊருக்குள் அவனே அப்துல் ரஹீம் என்ற வியாபாரியாக நடமாடுகிறான். அவன் யார் என்பது போலீசுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பகலில் சாதாரண மனிதன், தேவைப்படும்போது வேறு வேடம், சட்டம் செய்யத் தவறிய நீதியைத் தன் கையால் செய்வது... சூப்பர் ஹீரோ கதையின் எலும்புக்கூடு இதுதானே! 1919-இல் எழுதப்பட்ட முகமூடி வீரன் ஸோரோவின் கதையிலும் இதுதான். அந்த ஸோரோவைப் பார்த்துதான் 1939-இல் பேட்மேன் பிறந்தான். பறக்கும் சக்தியும் உடம்போடு ஒட்டிய உடையும் மட்டும்தான் மலைக்கள்ளனிடம் இல்லை.

படம் பெரிய வெற்றி. தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று ஐந்து மொழிகளுக்குப் போனது. இந்தியில் திலீப் குமார் நடித்த "ஆசாத்" இதே கதைதான். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கமும் மலைக்கள்ளனுக்கே போனது. ஆக, விருது என்றால் மெதுவான படம், வசூல் என்றால் வீரப் படம் என்ற பிரிவினை தொடக்கத்திலேயே இருந்ததில்லை.

1965: ஒருவனும் ஒருவனும்

அந்தப் பிரிவினை முழுசாகத் தெரிவது 1965-இல்தான்.

ஜெயகாந்தன் தன் "உன்னைப்போல் ஒருவன்" நாவலைத் தானே படமாக்கினார். சென்னைச் சேரி ஒன்றில் வாழும் தங்கம், அவள் மகன் சிட்டி, அவர்கள் வாழ்க்கைக்குள் வரும் கிளி ஜோசியன் மாணிக்கம். கதை இவ்வளவுதான். வீணை சிட்டிபாபுவின் இசை. பிரபல நட்சத்திரம் யாரும் கிடையாது. 1964-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் அகில இந்திய அளவில் முதல் இடம் சத்யஜித் ரேயின் "சாருலதா"வுக்கு, இரண்டாம் இடம் சேத்தன் ஆனந்தின் "ஹகீகத்"துக்கு, மூன்றாம் இடம் "உன்னைப்போல் ஒருவ"னுக்கு. ரே படத்தோடு ஒரே வரிசையில் நின்ற தமிழ்ப் படம்! ஆனால் வாங்கி வெளியிட விநியோகஸ்தர்கள் முன்வரவில்லை. தியேட்டருக்கு வந்ததும் கொஞ்ச நாள்தான். சினிமாவில் தான் பட்டதையெல்லாம் ஜெயகாந்தன் பிறகு ஒரு தனிப் புத்தகமாகவே எழுதினார்.

அதே 1965 ஜூலையில் பி.ஆர். பந்துலுவின் "ஆயிரத்தில் ஒருவன்". எம்.ஜி.ஆர். மணிமாறன் என்ற வைத்தியர். அடிமையாக விற்கப்படுகிறார், கடற்கொள்ளைக்காரர் ஆகிறார், கடைசியில் எல்லோருக்கும் விடுதலை வாங்கித் தருகிறார். எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் சேர்ந்து நடித்த முதல் படம். விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. ஓடியதைச் சொல்லவே வேண்டாம்.

தலைப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவன் நம்மைப்போல இருக்கிறான். இன்னொருவன் ஆயிரம் பேரில் தனியாகத் தெரிகிறான். தமிழ் ரசிகன் யாரைத் தேர்ந்தெடுத்தான் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அது நியாயமான தேர்வா என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு படத்துக்கு ஊரெங்கும் தியேட்டர், மற்றதற்குத் தியேட்டரே இல்லை என்றால் அதைத் தேர்வு என்று எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் விசேஷம். 2014 மார்ச்சில் "ஆயிரத்தில் ஒருவன்" டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு மறுபடி வெளியானது. 49 வருடத்துப் பழைய படம் சென்னையில் 100 நாட்களைத் தாண்டி ஓடியது. "உன்னைப்போல் ஒருவன்" பிரதியோ பார்க்கக் கிடைப்பதில்லை. அந்தப் பெயரைத் தேடினால் 2009-இல் கமல்ஹாசன் நடித்த வேறு படம்தான் வரும். ஆயிரத்தில் ஒருவனுக்கும் 2010-இல் செல்வராகவனின் இன்னொரு படம் வந்தது. ஆனால் பழைய மணிமாறன் மறைந்துவிடவில்லை, ஏனென்றால் அவரை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சிட்டி தன் பெயரையும் இழந்துவிட்டான்.

"அவார்டு படம்"

1977-இல் ஜான் ஆபிரகாம் எடுத்த "அக்ரகாரத்தில் கழுதை"யும் இதே வழியில்தான் போனது. தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்றை ஒரு கல்லூரிப் பேராசிரியர் அக்ரகாரத்து வீட்டில் வளர்க்கப் போய், ஊரே எதிர்க்கிறது. வெங்கட் சாமிநாதனின் திரைக்கதை. பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. எதிர்ப்புக்குப் பயந்து தூர்தர்ஷன் ஒளிபரப்பைக் கடைசியில் நிறுத்திவிட்டது. மலைக்கள்ளனாகவும் மணிமாறனாகவும் வந்த எம்.ஜி.ஆர். அதே 1977-இல்தான் தமிழ்நாட்டின் முதலமைச்சர் ஆனார்.

80-களில் தூர்தர்ஷன் ஞாயிறு மதியங்களில் பிற மொழிகளின் விருதுப் படங்களைப் போட்டது. சாப்பிட்டுவிட்டு உட்காரும் நேரம், புரியாத மொழி, ஓடிப் படிக்க வேண்டிய ஆங்கில எழுத்துகள். ஒருவர் வரப்பில் நடந்துகொண்டே இருப்பார், பார்ப்பவர் தூங்கி எழுந்த பிறகும் நடந்துகொண்டிருப்பார் என்று ஜோக் அடித்தார்கள். "அவார்டு படம்" என்ற சொல் கிண்டலாக மாறியது அப்படித்தான். பத்துப் படம் பார்த்து வெறுத்தவர்களைவிட ஒன்றுகூடப் பார்க்காமல் கிண்டல் செய்தவர்கள் அதிகம்.

இரும்புக்கை மாயாவி முதல் அவெஞ்சர்ஸ் வரை

இன்னொரு பக்கத்தில் சூப்பர் ஹீரோ ரசனை வேறு வழியாக வளர்ந்துகொண்டிருந்தது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியது. முதல் இதழே "இரும்புக்கை மாயாவி". பிரிட்டிஷ் காமிக்ஸ் ஒன்றின் தமிழாக்கம். மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். சூப்பர்மேனை அறியாத கிராமத்துப் பையனுக்கும் மாயாவியைத் தெரிந்திருந்தது. அந்தக் கதைகளை மறுபதிப்பு செய்ய வைத்ததும் அதே பையன்கள்தான், வளர்ந்து பெரியவர்களான பிறகு.

2002-இல் "ஸ்பைடர்மேன்" தமிழ் பேசியது. கடைசியில் 2019 ஏப்ரலில் "அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்". தமிழ் வசனம் ஏ.ஆர். முருகதாஸ், அயர்ன்மேனுக்குக் குரல் விஜய் சேதுபதி. உடனே சண்டை ஆரம்பித்தது. பழைய டப்பிங் குரல் எங்கே என்று ஒரு கூட்டம், ஆங்கிலத்தில் பார்ப்பதுதான் சரி என்று ஒரு கூட்டம், தமிழில் இப்படிக் கேட்பதே தனி சுகம் என்று இன்னொரு கூட்டம். அதே வருடம் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி, மார்வெல் படங்கள் சினிமாவே அல்ல, பொழுதுபோக்குப் பூங்கா மாதிரி என்று சொல்லப்போக, அது உலகச் சண்டையாகவே ஆனது.

தமிழில் நேரடியாக எடுத்த முயற்சிகளும் உண்டு. 2009-இல் "கந்தசாமி"யில் விக்ரம் சேவல் வேடம் போட்டார். 2012-இல் மிஷ்கின் "முகமூடி" எடுத்தார், ஜீவா கதாநாயகன். சூப்பர் ஹீரோ என்று எழுதி ஒட்டி வந்த முகமூடி பெரிதாகப் பேசப்படவில்லை. தமிழ்க் கதாநாயகன் முகமூடி இல்லாமலேயே ஐம்பது பேரை அடிக்கிறவன், அவனுக்கு முகமூடி எதற்கு என்று ரசிகர்கள் நினைத்திருக்கலாம். மலைக்கள்ளன் காலத்திலிருந்தே அந்த இடம் நிரம்பித்தான் இருந்தது.

ஒருவன் இன்னொருவனைச் சந்தித்தபோது

2023 ஜூலையில் மடோன் அஸ்வினின் "மாவீரன்" வந்தது. குடிசைப் பகுதியிலிருந்து வெளியேற்றி, தரமில்லாமல் கட்டிய அடுக்குமாடியில் குடியமர்த்தப்படும் ஒரு குடும்பம். மகன் சத்யா பத்திரிகையில் வீரன் ஒருவனின் படக்கதை வரைகிறான், நிஜத்தில் பயந்தாங்கொள்ளி. சிவகார்த்திகேயன் நடித்த அந்தப் பயந்தாங்கொள்ளியின் காதில் ஒரு குரல் கேட்கத் தொடங்குகிறது. (குரல் கொடுத்தது மறுபடியும் விஜய் சேதுபதி!) ஜெயகாந்தனின் சிட்டி வாழ்ந்தது போன்ற ஓர் இடத்திலிருந்துதான் இந்த சூப்பர் ஹீரோ வருகிறான். உன்னைப்போல் ஒருவனே ஆயிரத்தில் ஒருவனாக மாற வேண்டியிருக்கிறது. படம் வெற்றியும் பெற்றது.

அந்த சிவகார்த்திகேயன்தான் அடுத்த வருடம் பி.எஸ். வினோத்ராஜின் "கொட்டுக்காளி"யைத் தயாரித்தார். வினோத்ராஜின் முதல் படம் "கூழாங்கல்" 2021-இல் ராட்டர்டாம் விழாவின் புலி விருதை வென்றது, ஆஸ்காருக்கு இந்தியாவின் சார்பில் போனது. ஆனால் பொதுமக்கள் பார்க்க 2023 அக்டோபரில் ஓடிடிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "கொட்டுக்காளி" 2024 ஆகஸ்டில் நேரடியாகத் தியேட்டருக்கே வந்தது. பின்னணி இசை இல்லாத படம். இதைத் தியேட்டரில் போட்டது சரியா என்றுகூட விவாதம் நடந்தது. சிலர் பாதியில் எழுந்து போனார்கள், சிலர் வாய்விட்டுப் பாராட்டினார்கள். 1965-இல் நடக்காத ஒன்று இது. பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை ரசிகனுக்குக் கிடைத்தது.

முடிவாக

சூப்பர் ஹீரோ படம் பார்ப்பவன் ரசனை குறைந்தவன் இல்லை. ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்தில் ஒரு அறைக்குத் திரும்பும் இளைஞன் அயர்ன்மேனைப் பார்த்தால் அதில் தவறு என்ன இருக்கிறது? அவனுடைய தாத்தா மலைக்கள்ளனைப் பார்த்த அதே ஆசைதான். யாராவது ஒருவன் வந்து நியாயம் செய்ய மாட்டானா என்ற ஆசை.

ஆனால் அவன் "உன்னைப்போல் ஒருவன்" பார்க்க விரும்பினால் முடியாது. கேரளத்தில் அரவிந்தனின் "தம்ப்" படத்தை ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் மீட்டெடுத்து, 2022-இல் கான் விழாவரை கொண்டுபோனது. அது 1978-ஆம் வருடத்துப் படம். மனம் வைத்தால் முடிகிற காரியம்தான் என்பதற்கு அதுவே சாட்சி. தமிழில் எந்தெந்தப் பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று தேடி முடிப்பதற்குள் இன்னும் சில படங்கள் பட்டியலில் மட்டும் மிஞ்சும்.

"அந்த நாள்" இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. பாட்டில்லாத அந்த இரண்டு மணி நேரம் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் தாராளமாகத் திட்டலாம். பார்த்துவிட்டுத் திட்டினால் போதும்.